ஆக்ஸிஜன் சென்சார் கெட்டதா, வயர் கெட்டதா? வீட்டிலேயே சோதனைப் பெட்டி செய்து கண்டுபிடிக்கும் முறை

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0131 என்றோ பி0135 என்றோ கோட் வருகிறது. எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாரின் சுற்றைக் குறிக்கும் கோட் அது. உடனே சென்சார் வாங்க ஓடுகிறோம். புதிய சென்சார் மாட்டி மூன்று நாள் கழித்து அதே விளக்கு மறுபடி எரிகிறது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானிலும் (குடியிருப்புப் பகுதியிலும்) பக்கத்துத் தோட்டங்களிலும் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு தம்பி மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொட்டி இரண்டு சென்சார் மாற்றினார். கடைசியில் பார்த்தால் வயரை எலி கடித்திருந்தது. செம்பனை சூழ்ந்த ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. சூடு ஆறாத இன்ஜின் மேல் ராத்திரி ஏறிப் படுத்துக்கொள்ளும், வயரைக் கொறிக்கும்.

கோட் என்பது "இந்த சுற்றில் கோளாறு" என்று மட்டும்தான் சொல்கிறது. சென்சாரா, வயரா, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவா என்று அது சொல்லாது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சின்னப் பெட்டி போதும். சென்சார் தரும் வோல்ட்டை அது போலியாகத் தரும், ஈசியூ அதைச் சரியாகப் படிக்கிறதா என்று பார்த்துவிடலாம். செய்ய 20 வெள்ளிக்கு மேல் ஆகாது.

1. உங்கள் காருக்கு இது பொருந்துமா?

இந்த முறை ஸிர்கோனியா வகை சாதாரண சென்சாருக்கு மட்டும். அது சுமார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தரும். பெட்ரோல் அதிகமானால் 0.8, 0.9, காற்று அதிகமானால் 0.1, 0.2. நடுக்கோடு 0.45. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில் வோல்ட் இந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டி ஆடும்.

சில கார்களில் முன்பக்கம் இருப்பது ஏர் ஃபியூவல் சென்சார் அல்லது வைட்பேண்ட் என்ற வேறு வகை. அதற்கு 5 அல்லது 6 வயர் இருக்கலாம், 4 வயரும் இருக்கலாம். ஆகவே வயரை எண்ணி முடிவு செய்யக்கூடாது. இணையத்தில் உங்கள் இன்ஜின் மாடலைப் போட்டு எந்த வகை என்று உறுதி செய்யுங்கள். வைட்பேண்டில் இந்தப் பெட்டியை இணைத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது, ஈசியூவுக்கும் ஆபத்து.

இன்னொன்று, எந்தச் சென்சார் என்பது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. பி0130 முதல் பி0135 வரை முன்னது. பி0136 முதல் பி0141 வரை பின்னது. முன்னதற்கு கோட் வந்திருக்க, கைக்கு எட்டுகிறது என்று பின்னதை மாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு.

2. வண்டிக்கு அடியில் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர். பழைய முள் மீட்டர் வேண்டாம். அது இழுக்கும் மின்சாரத்திலேயே சென்சாரின் சிறிய வோல்ட் இறங்கிவிடும். நேரடி எண்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனர். கைப்பேசியோடு சேரும் சின்ன புளூடூத் வகையே போதும்.

பெட்டிக்கு: ஒரு ஏஏ பேட்டரியும் அதற்கான கூடும், 1 கிலோ ஓம் வால்யூம் குமிழ், 680 ஓம் ரெசிஸ்டர், ஒரு சுவிட்ச், இரண்டு மீட்டர் மெல்லிய வயர், முதலைக் கிளிப் இரண்டு, சின்ன பிளாஸ்டிக் டப்பா. எல்லாம் ஈப்போவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கிடைக்கும்.

ஹீட்டருக்கு: 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்று, இரண்டு வயர் பற்றவைத்து. நம்பர் பிளேட் விளக்குக்குப் போடும் சின்ன பல்ப்தான்.

வண்டியைத் தூக்க ஜாக், தாங்க ஸ்டாண்டு. சிமெண்ட் கல்லை அடியில் வைக்காதீர்கள். பார்க்க உறுதியாக இருக்கும், சட்டென்று உடைந்துவிடும். இன்ஜின் ஓடும் வேலை எல்லாம் திறந்த வெளியில்தான். போர்ச்சின் மூன்று பக்கமும் அடைத்திருந்தால் வண்டியை வாசலுக்குத் தள்ளுங்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது.

3. ஸ்கேனரில் கோட் எண்ணை அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, கோட் எண்ணை அழித்துவிட்டு "மறுபடி வருகிறதா பார்ப்போம்" என்பது. கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு வந்த நொடியில் இன்ஜின் எத்தனை டிகிரி, எத்தனை சுற்று, வண்டி என்ன வேகம் என்பது அதில்தான் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதி.

ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: கோட் எண்கள், ஃப்ரீஸ் ஃப்ரேம், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம். சென்சார் சொல்வதை வைத்து ஈசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்குதான் ட்ரிம். ட்ரிம் இரண்டும் கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அதோடு காற்று அதிகம் என்னும் பி0171 கோட் எண்ணும் இருந்தால், சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. எங்கோ காற்று ஒழுகுகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை. அங்கே சென்சாரை மாற்றினால் காசு வீண்.

4. கண்ணால் பார்ப்பது

இன்ஜின் முழுக்க ஆறியபின் டார்ச் அடித்து, சென்சாரின் தலையிலிருந்து கனெக்டர் வரை வயரைத் தொட்டுக்கொண்டே போங்கள். எக்ஸாஸ்டில் பட்டு உருகியிருக்கிறதா? பல் பதிந்த அடையாளம் உண்டா? எலிக் கடி மேலே சின்னதாகத் தெரியும், உறையைப் பிரித்தால் உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

கனெக்டரைத் திறந்து பாருங்கள். தோட்டச் சாலையில் ஓடும் வண்டியில் செம்மண் தண்ணீர் உள்ளே புகுந்து பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சைதான் கோளாறு என்று பலமுறை முடிந்திருக்கிறது. பல் விளக்கும் பழைய பிரஷால் உலர்வாகத் தேய்த்துத் துடையுங்கள். எண்ணெயோ கிரீஸோ ஸ்ப்ரேயோ அடிக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. எண்ணெய் அந்த வழியை அடைத்துவிடும்.

பிறகு எக்ஸாஸ்ட் ஒழுக்கு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடத்தில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால், மேனிஃபோல்டு காஸ்கெட் பக்கம் கருப்புப் புகைக்கறை தேடுங்கள். சென்சாருக்கு முன்னால் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, காற்று அதிகம் என்று பொய்யாகக் காட்டும்.

5. ஹீட்டரை முதலில் முடியுங்கள்

சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பேசும். அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் உள்ளே ஹீட்டர். ஹீட்டர் செத்திருந்தால் மற்ற சோதனை எதுவும் ஒழுங்காக வராது, ஆகவே இது முதலில்.

சென்சார் பக்க வயர் நிறத்தைப் பாருங்கள். போஷ், என்டிகே வகையில் பொதுவாக இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். கவனியுங்கள்: ஒன்றில் கறுப்பு சிக்னல், மற்றதில் அதே கறுப்பு ஹீட்டர். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருந்தால் அது ஹீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டருக்கு மறுபக்கம், கார் பக்க வயரின் நிறம் வேறாக இருக்கும்; அங்கே நிறத்தை நம்பாமல் பின் இருக்கும் இடத்தை வைத்துப் பொருத்துங்கள்.

கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஹீட்டர் வயர் இரண்டுக்கும் நடுவே ஓம் அளங்கள். ஆறிய நிலையில் பெரும்பாலும் 3 முதல் 20 ஓமுக்குள் இருக்கும். சரியான எண் கார் மேனுவலில் இருக்கும். மீட்டர் ஓஎல் என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். சிக்னல் வயரில் ஓம் அளக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் நல்ல சென்சாரையும் கெடுக்கலாம்.

ஓம் சரியாக இருந்தால், கார் பக்கம் ஹீட்டர் பின் இரண்டிலும் 5 வாட் பல்பை இணைத்து இன்ஜினை ஓட்டுங்கள். பல்ப் எரிய வேண்டும். ஈசியூ விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பதால் மினுமினுக்கலாம், பரவாயில்லை. மீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் மீட்டரில் 12 காட்டும், பல்பை எரிக்கத் திணறும். பல்ப் எரியாவிட்டால் ஃபியூஸ், ரிலே, வயர் என்று தேடுங்கள். பெரிய ஹெட்லைட் பல்பை இணைக்க வேண்டாம். ஈசியூவின் சுவிட்ச் அதைத் தாங்காது.

6. பெட்டியைக் கட்டுதல்

வால்யூம் குமிழுக்கு மூன்று கால். பேட்டரியின் பாசிட்டிவ், சுவிட்ச் வழியாக 680 ஓம் ரெசிஸ்டருக்கு. ரெசிஸ்டரின் மறுமுனை குமிழின் ஓரக் காலுக்கு. மற்ற ஓரக் கால் பேட்டரியின் நெகட்டிவுக்கு. நடுக்கால்தான் வெளியே போகும் சிக்னல். நெகட்டிவிலிருந்து இன்னொரு வயர் வெளியே போகும், அது எர்த். அவ்வளவுதான்.

ரெசிஸ்டர் எதற்கு? அது இல்லாவிட்டால் குமிழை முழுக்கத் திருப்பும்போது 1.5 வோல்ட் முழுதும் வெளியே போகும். சென்சார் ஒருநாளும் அவ்வளவு தராது. ரெசிஸ்டர் இருந்தால் 1.5 வோல்ட்டை 1680 ஓம் பங்கிட்டுக்கொள்ளும், குமிழின் உச்சியில் 0.89 வோல்ட்தான் நிற்கும். புதிய பேட்டரி 1.6 இருந்தாலும் 0.95.

கட்டி முடித்ததும் காரிடம் போகாதீர்கள். மேஜையில் மீட்டர் வைத்து, குமிழை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்புங்கள். 0-வில் தொடங்கி 0.9 பக்கம் முடிய வேண்டும், நடுவில் துள்ளக் கூடாது. 1 வோல்ட்டைத் தாண்டினால் நெகட்டிவ் போகும் காலில் சால்டர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். என் முதல் பெட்டியில் அப்படித்தான் ஆனது. பளபளப்பாக இருந்த சால்டர் குண்டு காலைத் தொடாமல் மேலே உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் மீட்டரில் பார்த்துவிடுகிறேன்.

குமிழைச் சுற்றி மார்க்கர் பேனாவில் 0.2, 0.45, 0.8 என்று மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது மீட்டர் பார்க்கத் தோதுப்படாது.

7. பெட்டியைக் காரில் இணைத்தல்

சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கார் பக்கம் ஒவ்வொரு பின்னையும் மீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பக்கம் வரும் பின் ஹீட்டருடையது. அதைத் தொடவே கூடாது. சிக்னல் பின்னில் 0 முதல் அரை வோல்ட் வரை இருக்கும். 2, 3 வோல்ட் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அது வைட்பேண்டாக இருக்கலாம், அல்லது அந்தக் கம்பெனி எர்த்தையே மேலே தூக்கி வைத்திருக்கலாம். மேனுவல் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.

சாவியை ஆஃப் செய்து, பெட்டியின் சிக்னலை சிக்னல் பின்னிலும், எர்த்தை சென்சார் எர்த் பின்னிலும் இணையுங்கள். எர்த்தை பாடியில் கிள்ளிவிடுவது வழக்கமான குறுக்குவழி. அப்படிச் செய்தால் எர்த் வயர் அறுந்திருக்கும் கோளாறு உங்களிடமிருந்து தப்பிவிடும்.

மீட்டர் முனையைப் பின்னுக்குள் திணிக்காதீர்கள். பின் விரிந்துவிடும், சென்சாரைத் திரும்ப மாட்டினால் பிடிப்பு இருக்காது, மேடு பள்ளத்தில் மட்டும் வரும் புதுக் கோளாறு ஒன்று பிறக்கும். மெல்லிய குண்டூசியை உள்ளே விட்டு, அதன் தலையில் முதலைக் கிளிப்பை மாட்டுங்கள். இரண்டு ஊசியும் ஒன்றையொன்று தொடாதபடி ஒன்றுக்கு டேப் சுற்றுங்கள்.

இப்போது சாவியை ஆன் செய்து ஸ்கேனரில் அந்தச் சென்சாரின் வோல்ட்டைத் திறங்கள். குமிழ் 0.2-இல் இருந்தால் ஸ்கேனரும் 0.2 காட்ட வேண்டும். 0.8-க்குத் திருப்பினால் 0.8. சின்ன வித்தியாசம் பரவாயில்லை.

எண் பின்தொடர்ந்து வந்தால் வயரும் ஈசியூவும் நலம். சந்தேகம் சென்சார் மேல். எண் அசையாமல் நின்றாலோ துள்ளினாலோ, புதிய சென்சார் வாங்கினாலும் பயன் இல்லை. பெட்டி இணைந்திருக்கும்போதே வயர் கட்டை அங்கங்கே பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் ஆட்டும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் முறிவு. நான் மேலே சொன்ன அந்தத் தம்பியின் காரில், இன்ஜினுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில், உறைக்குள் நான்கு வயரில் ஒன்று மட்டும் அறுந்திருந்ததை இப்படித்தான் பிடித்தோம்.

இன்ஜினை ஓடவிட்டு, குமிழைத் திருப்பி ட்ரிம் மாறுகிறதா என்றும் பார்க்கலாம். 0.2 கொடுத்தால் ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், 0.8 கொடுத்தால் குறைக்கும். சில விநாடிகளுக்கு மேல் ஒரே பக்கம் வைக்காதீர்கள். ட்ரிம் அசையவில்லை என்றாலும் ஈசியூவைக் குற்றம் சொல்லிவிட வேண்டாம்; கனெக்டர் கழன்றிருப்பதால் ஹீட்டர் இல்லை என்று தெரிந்து, அது சென்சாரைக் கேட்பதையே நிறுத்தியிருக்கலாம்.

8. சென்சாரையே பேசவைத்தல்

பெட்டியை எடுத்துவிட்டு சென்சாரைத் திரும்ப மாட்டுங்கள். கார் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு வந்து, 2500 சுற்றில் பிடித்துக்கொண்டு ஸ்கேனரைப் பாருங்கள். முன்பக்கச் சென்சார் 0.2-க்குக் கீழும் 0.7-க்கு மேலும் விடாமல் ஆட வேண்டும். பத்து விநாடியில் ஏழெட்டு முறையாவது ஆடினால் அது உயிரோடு இருக்கிறது. மலிவான ஸ்கேனர் மெதுவாகப் படிக்கும், ஆகவே மற்ற எண்களை எல்லாம் மூடிவிட்டு இதை மட்டும் திறந்து வையுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதி மிதித்தால் 0.8-க்கு மேல் போகணும், விட்டதும் 0.2-க்குக் கீழே விழணும். ஏறி இறங்க நிறைய நேரம் எடுத்தால் சென்சார் சோர்ந்துவிட்டது. பி0133 அதைத்தான் சொல்கிறது.

பின்பக்கச் சென்சாரை இதே கண்ணால் பார்க்கக் கூடாது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அது 0.6, 0.7 பக்கம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். "ஆடவே இல்லையே, செத்துவிட்டது" என்று நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. அதுவும் முன்னதைப் போலவே ஆடினால் பிரச்சினை கன்வெர்ட்டரில். கோடும் பி0420 என்றிருக்கும்.

9. பெட்டியை வண்டியிலேயே விட்டுவிடலாமா?

இதை அடிக்கடி கேட்கிறார்கள். 0.7-இல் வைத்து டேப் ஒட்டிவிட்டால் விளக்கு எரியாதே, சென்சார் காசு மிச்சம்தானே என்று.

வேண்டாம். முன்பக்கம் அப்படி வைத்தால் ஈசியூவுக்குக் கண் போனதுபோல. ஒரே பக்கம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டோ குறைத்துக்கொண்டோ போகும். கூட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், உள்ளே உள்ள பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சென்சாரின் விலை கன்வெர்ட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. பின்பக்கம் வைத்தால் கன்வெர்ட்டர் செத்ததே உங்களுக்குத் தெரியாது. பல கார்களில் அந்தச் சென்சாரையும் வைத்து ஈசியூ கலவையை நுணுக்கமாகத் திருத்துகிறது. மலேசியாவில் பெட்ரோல் வண்டிப் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புகை போய்ச் சேர்வது பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறவர் முகத்தில்.

10. மாற்றத்தான் வேண்டும் என்றால்

முதல் நாள் மாலையே சென்சாரின் மரைப் பக்கம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, கை சுடாமல் கையுறையோடு தொடக்கூடிய வெதுவெதுப்பில் கழற்றுங்கள். முழுக்க ஆறிய இரும்பில் மரை கடித்துக்கொண்டு வரும். 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். பழையதைத் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள் என்றால் வயரை வெட்டிவிட்டு ரிங் ஸ்பேனரையே நுழைக்கலாம். வாய் திறந்த ஸ்பேனர் தலையை உருட்டிவிடும்.

கழற்றியதன் முனையைப் பாருங்கள். கரி படிந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளைப் படிவு என்றால் கூலண்டோ, தவறான சிலிகோன் காஸ்கெட் பசையோ உள்ளே எரிந்திருக்கலாம். எண்ணெய் பிசுக்கு என்றால் இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

புதியதன் மரையில் பெரும்பாலும் பசை பூசியே வரும், மேலே நீங்கள் எதுவும் பூச வேண்டியதில்லை. முனையைக் கையால் தொடாதீர்கள். முதலில் கையாலேயே கடைசி வரை திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் மரை மாறியிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பிறகு 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம். கனெக்டரைக் கடைசியில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் திருகும்போது வயரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

கனெக்டர் இல்லாத பொது வகை சென்சார் வாங்கினால் வயரைக் க்ரிம்ப் செய்து சேருங்கள். சால்டர் கூடாது, காற்று போகும் இழை இடைவெளியை ஈயம் அடைத்துவிடும்.

இப்போதுதான் கோட் எண்ணை அழிக்கும் நேரம். அழித்த கையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினிலிருந்து தொடங்கி, ஊருக்குள் கொஞ்சம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்சம் என்று இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். நான் கோலக் கங்சார் வரை போய் வருவேன். பிறகு ஸ்கேனரில் ஆக்ஸிஜன் சென்சார், ஹீட்டர் இரண்டின் மானிட்டரும் (ஈசியூ தானாகச் செய்துகொள்ளும் சோதனை) முடிந்ததாகக் காட்டுகிறதா பாருங்கள். முதல் நாள் எழுதிய காகிதத்தை எடுத்து, பழைய ட்ரிம் பக்கத்தில் புதிய ட்ரிம்மையும், தேதியையும், கிலோமீட்டரையும் எழுதி க்ளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். பெட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்ற மறக்காதீர்கள், உள்ளேயே இருந்தால் ஒழுகிவிடும்.